முதல் கொம்பவுண்ட் வில்: உடம்புக்கு அளவானதை எடுப்பது எப்படி

வன்னியில் வேட்டைக் கதை இல்லாத வீடு குறைவு. அப்பு காலத்துக் கதை என்றால் நாயும் ஈட்டியும் வரும். பிறகு வந்தவர்களின் கதையில் இடியன் துவக்கு வரும். கட்டுத்துவக்கில் கால் போன ஒருவரின் கதையும் இடையில் கட்டாயம் வரும். வில் வருவது அரிது. இப்போது அது வேறு வழியால் வந்து சேர்ந்திருக்கிறது. பெடியன்கள் யூரியூப்பில் மணிக்கணக்காக வில் வீடியோ பார்க்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் பனிக்குள் கொம்பவுண்ட் வில்லோடு, அதாவது இரண்டு நுனியிலும் சில்லுப் பூட்டிய வில்லோடு, நிற்கும் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். உடனே இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே கேள்வி: முதல் வில்லாக எதை வாங்குவது?

ஒன்ராறியோவில் இருந்த காலத்தில் நானும் இதைக் கொஞ்சம் பழகியவன் என்பதால் கேள்வி என்னிடமும் வருகிறது. பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகத்தைப் பார்த்து வில் எடுக்காதீர்கள். உங்கள் கை நீளத்துக்குப் பொருந்துகிற, நடுங்காமல் இழுக்கக்கூடிய, அளவை வீட்டிலேயே மாற்றக்கூடிய வில்லை எடுங்கள். வில் திருத்தும் கடையே இல்லாத எங்கள் பக்கத்தில், கடைசியாகச் சொன்னதற்குத்தான் முதலிடம்.

வில்லுக்குப் போக முன் சட்டம். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. புள்ளிமானும் மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். துவக்கால் சுட்டாலென்ன, அம்பால் எய்தாலென்ன, குற்றம் குற்றம்தான். சுண்டிக்குளமும் மடு வீதிச் சரணாலயமும் 2015இல் தேசியப் பூங்காக்கள் ஆகிவிட்டன. அந்தப் பக்கம் வில்லோடு உலாவி விட்டு "சும்மா பார்க்க வந்தனான்" என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆகவே வன்னியில் வில் என்பது குறி வைத்து எய்யும் விளையாட்டு மட்டும். அதுவும் லேசுப்பட்டதல்ல. 2014 இன்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில் கொம்பவுண்ட் வில் சேர்க்கப்பட்டது. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் போட்டியாக முதல் தடவை வரப்போகிறது. வெளிநாட்டிலிருந்து வில் அனுப்பச் சொல்கிறவர்கள், அனுப்புவதற்கு முன் சுங்கத்திடமும் இறக்குமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடமும் எழுத்தில் கேட்டுப் பதில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாமான் துறைமுகத்தில் கிடக்கும்போது ஓடித் திரிவதில் பலனில்லை.

வேட்டை என்பது வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆக்களுக்கான கதை. அங்கும் நாட்டுக்கு நாடு வேறு. லண்டனில் இருப்பவர் வில்லால் வேட்டையாட முடியாது, பிரித்தானியாவில் அது தடை. நோர்வேயிலும் தடை. பிரான்சில் 1995 முதல் அனுமதி உண்டு. வேட்டை அனுமதிப்பத்திரத்தோடு வில்லுக்கென்று தனிப் பயிற்சியும் எடுத்திருக்க வேண்டும். ஒன்ராறியோவில் வேட்டைக் கல்விப் பாடநெறி, பரீட்சை, அட்டை எல்லாம் முடித்த பிறகுதான் வில்லைத் தூக்கலாம். அங்கே மானுக்கு வில்லின் இழுவிசை, அதாவது நாணை இழுக்கும்போது கையில் வரும் உச்சப் பாரம், குறைந்தது 18 கிலோ, மூஸ் என்ற பெரிய மானுக்கும் கருங்கரடிக்கும் 22 கிலோ என்று விதி. இந்த 18 கிலோவை நினைவில் வையுங்கள். இறாத்தலில் அது 40கூட இல்லை. பின்னால் இந்தக் கணக்குத் தேவைப்படும்.

சரி, வில்லுக்கு வருவோம்.

சாதாரண வில்லை இழுக்க இழுக்கப் பாரம் கூடிக்கொண்டே போகும். முழுதாக இழுத்து, மூச்சை அடக்கி, குறி பார்க்கிற அந்த நேரத்தில்தான் கையில் அதிகப் பாரம். அதனால்தான் பழைய வில்லாளிகள் இழுத்த கையோடு விட்டுவிடுவார்கள், பிடித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹொலிஸ் வில்பர் அலன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டு 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969இல் அது கிடைத்தது. இன்று கடையில் தொங்கும் கொம்பவுண்ட் வில்லெல்லாம் அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்தவைதான்.

அவர் செய்தது இதுதான்: வில்லின் இரண்டு நுனியிலும் சில்லுப் பூட்டினார், ஆனால் அச்சைச் சில்லின் நடுவில் வைக்கவில்லை. கிணற்றுக் கப்பியின் அச்சு நடுவில் இருக்கிறது, அதனால் வாளி அடியில் இருந்தாலும் மேலே வந்தாலும் கயிற்றில் ஒரே பாரம்தான். அந்த அச்சை ஓரத்துக்குத் தள்ளினால், கப்பி சுற்றும்போது ஓரிடத்தில் கயிறு இறுகும், ஓரிடத்தில் இளகும். கொம்பவுண்ட் வில்லின் சில்லும் அப்படித்தான். கேம் என்பார்கள். இப்போது வருகிற கேம் வட்டமாகவும் இருப்பதில்லை, முட்டையைப் பக்கவாட்டில் நசுக்கிய மாதிரி ஒரு வடிவம். நாணை இழுக்கத் தொடங்கியதும் பாரம் கெதியாக ஏறி உச்சத்துக்குப் போகும், கொஞ்சத் தூரம் அப்படியே நிற்கும், கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் தொப்பென்று விழுந்துவிடும். அதற்கு மேல் நாண் வராது, சுவரில் முட்டியது போல நின்றுவிடும்.

இப்படி விழும் பாரத்தின் அளவுக்குப் பெயர் லெட்-ஓஃப். இழுவிசை 60 இறாத்தல், லெட்-ஓஃப் 80 சதவீதம் என்றால், முழுதாக இழுத்த பிறகு விரலில் நிற்பது 12 இறாத்தல்தான். மான் தலையைத் திருப்பும்வரை, ஒரு மரத்தைக் கடந்து வெளியில் வரும்வரை, இழுத்த நிலையிலேயே காத்து நிற்கலாம். வேட்டைக்காரர்கள் கொம்பவுண்டை விரும்புவதற்கு முதற் காரணம் இது. வேட்டை வில்களில் 75 முதல் 90 சதவீதம்வரை லெட்-ஓஃப் வரும். புதியவருக்கு 80 போதும். அதற்கு மேல் போனால் நாண் முன்னுக்குப் போக மனமில்லாமல் நிற்பது போல ஒரு உணர்வு வரும், சிலருக்கு அது பிடிக்காது.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. சாதாரண வில்லை உயரமானவரும் இழுக்கலாம், கட்டையானவரும் இழுக்கலாம், அவரவர் கை போன தூரம் போகும். கொம்பவுண்ட் வில் தான் நிற்கிற இடத்தில் நின்றுவிடும். அந்த இடம் உங்கள் உடம்புக்குச் சரியாக இல்லையென்றால், எவ்வளவு காசு கொடுத்து வாங்கினாலும் அது உங்களுடைய வில் அல்ல. இதற்குத்தான் இழுநீளம் என்ற கணக்கு. வில் வாங்குகிறவர்கள் இழுவிசையைப் பற்றித்தான் வாய் ஓயாமல் கதைப்பார்கள். இழுநீளத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

அளப்பது சுலபம். தையல்காரரிடம் இருக்கிற அளவு நாடா போதும். சுவரில் முதுகு படும்படி நேராக நின்று, இரண்டு கையையும் பக்கவாட்டில் தோள் மட்டத்தில் விரியுங்கள். நெஞ்சைத் தள்ளி நீட்ட வேண்டாம், இயல்பாக விட்டால் சரி. இன்னொருவர் ஒரு கை நடுவிரல் நுனியிலிருந்து மறுகை நடுவிரல் நுனிவரை அளக்கட்டும். வருகிற அங்குலத்தை 2.5ஆல் பிரியுங்கள். 67 அங்குலம் என்றால் 26.8, அதாவது கிட்டத்தட்ட 27. 70 அங்குலம் என்றால் 28. எங்கள் ஆண்களில் அநேகமானோருக்கு 26க்கும் 28க்கும் இடையில் வரும் என்று நினைத்துக்கொள்ளலாம், பெண்களுக்கு அதைவிடக் குறையும். இந்தக் கணக்கு ஒரு தொடக்கம்தான். கடைசியில் அரை அங்குலம் முன்பின்னாக வில்லைப் பிடித்துப் பார்த்துத்தான் முடிவாகும்.

இழுநீளம் கூடிப்போனால் உடம்பே காட்டிக்கொடுக்கும். தலை பின்னுக்குச் சரியும். வில்லைப் பிடித்த கையின் முழங்கை பூட்டிக்கொள்ளும். விடும்போது நாண் முன்கையின் உட்பக்கத்தில் அடித்து, இரண்டு நாளைக்கு நீலமாகக் கன்றிப்போயிருக்கும். "வில் அடிக்குது" என்று புகார் சொல்கிறவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு அங்குலம் நீளமான வில்லைத்தான் வைத்திருப்பார்கள். குறைந்துபோனால் அவ்வளவு தொல்லை இல்லை, கொஞ்சம் வேகம் போகும். ஆகவே சந்தேகம் வந்தால் அரை அங்குலம் குறைத்தே எடுங்கள்.

இனி இழுவிசை. என் அக்காவின் மகன் ஸ்காபரோவில் இருக்கிறான். போன வருடம் கடைக்குள் நின்று வீடியோ அழைப்பு எடுத்தான். கையில் 70 இறாத்தல் வில், அதாவது ஏறக்குறைய 32 கிலோ.

"மாமா, இதுக்குக் கீழ எடுத்தா சரிவராது எண்டு எல்லாரும் சொல்றாங்கள்."

"சரி, அந்தக் கதிரையில இரு. இருந்துகொண்டு இழு பார்ப்பம்."

கடைக்காரரிடம் கேட்டு ஒரு அம்பையும் வைத்துக்கொண்டு இருந்தான். கைபேசியை யாரோ பிடித்திருந்தார்கள். நின்றபோது எப்படியோ இழுபட்ட வில் இப்போது அசையவில்லை. வில்லைக் கூரைப் பக்கம் தூக்கினான், தோளை உயர்த்தினான், பல்லைக் கடித்தான். பாதி வந்து நின்றது. முகம் சிவந்துபோய் மெதுவாகத் திரும்ப விட்டான். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் ஆறுமூலைச் சாவி ஒன்றை எடுத்து வந்து, மேலும் கீழும் வளைகிற வில்லின் கைகளை, லிம்ப் என்பார்கள், பிடித்திருக்கும் ஆணிகளைச் சம சுற்றாகத் தளர்த்தினார். 52 இறாத்தலில் வந்து நின்றது. இந்தத் தடவை அம்பு குறியைப் பார்த்தபடியே, மட்டமாகப் பின்னுக்கு வந்தது. அதைத்தான் எடுத்துக்கொண்டு போனான்.

நீங்களும் அப்படியே பாருங்கள். கதிரையில் இருந்தோ, நிலத்தில் சம்மணம் கட்டி இருந்தோ, வில்லைக் குறிக்கு நேராக நீட்டி, மேலே தூக்காமல் மெதுவாக இழுக்க வேண்டும். முழுதாக இழுத்து அரை நிமிடம் பிடித்து நிற்க வேண்டும். பிறகு அம்பை விடாமல் அதே மெதுவில் நாணைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மூன்றும் முடிந்தால் அந்தப் பாரம் உங்களுக்கு உரியது. முடியாவிட்டால் 5 இறாத்தல் குறையுங்கள். வேட்டையில் குளிரில் மணிக்கணக்காக அசையாமல் இருந்துவிட்டு, விறைத்த தோளோடு, மான் பார்க்காதபடி இழுக்க வேண்டும். வானத்தைப் பார்த்து வில்லைத் தூக்கி ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் மான் அடுத்த காட்டில் நிற்கும். வளர்ந்த ஆண் ஒருவர் 45 முதல் 55க்குள் தொடங்கலாம், பெண்கள் 30 முதல் 40க்குள். தசை பழகப் பழக, சில மாதங்களில் அதே வில்லில் ஆணியை இறுக்கி ஏற்றிக்கொள்ளலாம். ஒன்ராறியோச் சட்டம் மானுக்குக் கேட்பது 40 இறாத்தலுக்கும் குறைவு என்று மேலே சொன்னேனே, அதை இங்கே சேர்த்துப் பாருங்கள்.

"50இல் மான் விழுமா?" என்பது அடுத்த கேள்வி. அம்பின் எடையைக் கிரெயின் என்ற சிறு எடை அளவில் எடுத்து, வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்று எடுத்து, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, எடையாலும் பெருக்கி, 450,240ஆல் பிரித்தால் அம்பின் சக்தி அடி-இறாத்தலில் வரும். 400 கிரெயின் அம்பு 240 அடி வேகத்தில் போனால் 51. அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் பெயரில் புழங்கும் பட்டியலில் மானுக்கு 25 முதல் 41 போதும், எல்க் என்ற பெரிய மான், கருங்கரடி, காட்டுப்பன்றிக்கு 42 முதல் 65. ஆகவே 50 இறாத்தல் வில் மானுக்குத் தாராளம். அம்பு துவக்குச் சன்னம் போல அதிர்ச்சியால் கொல்வதில்லை. நெஞ்சறைக்குள் புகுந்து, இரத்தக் குழாய்களை வெட்டி, இரத்தம் போய்த்தான் விலங்கு விழும். அம்பு முனையின் அலகு சவரக் கத்தி போலக் கூராக இருக்க வேண்டும், சுவாசப்பையில் பட வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் 70 இறாத்தலால் எய்தாலும் காயப்பட்ட மான் ஒன்றைக் காட்டுக்குள் அனுப்பியதுதான் மிச்சம்.

வேகக் கணக்கில் இருக்கும் சூழ்ச்சியையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் 330 என்று போட்டிருப்பார்கள். அது 70 இறாத்தல் இழுவிசை, 30 அங்குல இழுநீளம், 350 கிரெயின் அம்பு என்று வைத்து அளந்தது. உங்கள் இழுநீளம் 27. அங்குலத்துக்குச் சுமார் 10 போகும், ஆகவே 30 போயிற்று. இழுவிசை 50. இறாத்தலுக்குச் சுமார் 2 போகும், இன்னும் 40. மிச்சம் 260. வேட்டைக்கு ஏற்ற பாரமான அம்பை வைத்தால் 240 பக்கம் வந்து நிற்கும். 340 என்று போட்ட வில்லுக்கு இன்னும் பல நூறு டொலர் கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய 250. அந்தக் காசுக்கு நல்ல அம்பு வாங்கலாம்.

இன்னொரு கணக்கு, இது எனக்கு மிகவும் பிடித்தது. ஒலி வினாடிக்குச் சுமார் 1,100 அடி போகும். 30 யார் தூரத்தில், அதாவது 90 அடியில், மான் நிற்கிறது. நாண் சத்தம் அதன் காதுக்குப் போக 0.08 வினாடி. 240 அடி வேக அம்பு போக 0.37 வினாடிக்கு மேல். இடையில் கிடைக்கும் நேரத்தில் மான் பாய்வதற்காக முதலில் உடம்பைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலால் போகும். வேகத்தை 300 ஆக்கினாலும் மானுக்கு 0.2 வினாடிக்கு மேல் மிஞ்சுகிறது. ஆனால் 15 யாரில் நின்று எய்தால் 240 அடி அம்பே 0.19 வினாடியில் போய்விடும். கிட்டப் போகக் கற்றுக்கொண்டவருக்கு வேகம் பெரிய விசயமல்ல. சத்தம் குறைந்த வில்தான் விசயம்.

வில்லின் உடம்பைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. இரண்டு அச்சுக்கும் இடைப்பட்ட நீளம் 30 முதல் 33 அங்குலம் இருக்கட்டும். 28 போலக் கட்டையான வில் மரத்தின் மேல் பரணில் இருந்து எய்ய வசதி, ஆனால் கை கொஞ்சம் ஆடினாலும் அம்பு விலகும். பிடிக்கும் இடத்துக்கும் நாணுக்கும் இடைவெளி ஆறரை முதல் ஏழு அங்குலம் என்றால் புதியவரின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். ஆறுக்குக் கீழே உள்ளவை வேகத்துக்காகச் செய்தவை, தொடக்கத்தில் வேண்டாம்.

வலக்கை வில்லா, இடக்கை வில்லா என்பதைக் கண்தான் முடிவு செய்யும். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவில் சிறு ஓட்டை விட்டு, தூரத்து மரம் ஒன்றை இரண்டு கண்ணாலும் அதற்குள் பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது மரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் உங்கள் ஆட்சிக் கண். அந்தப் பக்கக் கையால் நாணை இழுப்பது நல்லது.

இப்போது, வீட்டிலேயே மாற்றக்கூடிய வில் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். பல வில்களில் இழுநீளத்தை மாற்ற வேண்டுமென்றால், லிம்ப்புகளை அமுக்கி நாணைத் தளர்த்தும் ஒரு பொறியில் வில்லை ஏற்ற வேண்டும். வில் பிரஸ் என்பார்கள். கனடாவில் கடைக்குக் கடை இருக்கிறது. மாங்குளத்திலும் மல்லாவியிலும் எங்கே போவது? சைக்கிள் கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கவே வேண்டாம். பிரஸ் இல்லாமல் லிம்ப்பைக் கழற்றப் போனால் முகத்தில் அடிக்கும். ஆகவே கேமில் இருக்கும் சிறு ஆணிகளைக் கழற்றி நகர்த்தினாலே இழுநீளம் மாறும் வில்லாகப் பாருங்கள். டயமண்ட் நிறுவனத்தின் இன்பினிட் எட்ஜ் புரோ இந்த வகை: இழுநீளம் 13 முதல் 31 அங்குலம், இழுவிசை 5 முதல் 70 இறாத்தல். பெயர் (Bear) என்ற நிறுவனத்தின் குரூஸர் ஜி2வும் அப்படித்தான், 12 முதல் 30 அங்குலம், 5 முதல் 70 இறாத்தல். ஒரே வில்லைத் தகப்பன் காலையிலும் மகள் பின்னேரத்திலும் ஆணியை மாற்றி எய்யலாம். வளரும் பிள்ளைக்கும் வருடா வருடம் புது வில் தேவையில்லை. இந்த வகை வில்கள் விலையுயர்ந்தவற்றைப் போல மெத்தென்று இழுபடாது, அது உண்மை. முதல் வில்லுக்கு அது பரவாயில்லை.

இவை பெரும்பாலும் குறிகாட்டி, அம்பு தாங்கி, அம்புக்கூடு எல்லாம் பூட்டிய தொகுதியாக வரும். 400 முதல் 600 அமெரிக்க டொலருக்குள் கிடைக்கும். குறிகாட்டியில் மூன்று ஊசி போதும், 20, 30, 40 யாருக்கு ஒவ்வொன்று. தாங்கியில் விஸ்கர் பிஸ்கட் என்று ஒன்று உண்டு, தூரிகை மயிர் வட்டமாக நின்று அம்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், வில்லைச் சரித்தாலும் அம்பு விழாது. இறகு கொஞ்சம் கெதியாகத் தேயும், ஆனால் புதியவருக்கு இதைவிட நிம்மதியான சாமான் இல்லை. தொகுதியில் பெரும்பாலும் வராதது ரிலீஸ். மணிக்கட்டில் வார் கட்டி, விரலால் விசையைத் தட்டி நாணை விடுவிக்கும் கருவி அது. கொம்பவுண்ட் நாணை வெறும் விரலால் இழுத்தால் நாண் முறுகி அம்பு பக்கத்துக்குப் போகும். ரிலீஸில் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

அம்பில் புதியவர்கள் செய்கிற அநியாயம் கொஞ்சமல்ல. வில்லுக்கு அறுநூறு டொலர் செலவழித்துவிட்டு, கிடைத்த அம்பை வைத்து எய்வார்கள். அம்பின் விறைப்புக்கு ஸ்பைன் என்று ஒரு எண் உண்டு. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் அம்புத்தண்டைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் பாரத்தைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு வளைகிறது என்பதுதான் அந்த எண். அரை அங்குலம் வளைந்தால் 500. எண் குறையக் குறைய விறைப்புக் கூடும். 50 இறாத்தலுக்கு 500, 60க்கு 400, 70க்கு 340 என்ற அளவில் தொடங்கி, தயாரிப்பாளரின் அட்டவணையில் உங்கள் அம்பு நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடை, இழுவிசையின் ஒவ்வொரு இறாத்தலுக்கும் 5 கிரெயினுக்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது. வேட்டைக்கு 7 அல்லது 8 நல்லது.

அம்பே வைக்காமல் நாணை இழுத்து விடுவதைப் பற்றி இங்கேயே சொல்கிறேன். வில்லில் சேர்ந்த சக்தி போக இடமில்லாமல் லிம்ப்புக்கே திரும்பும். நாண் அறும், கேம் வளையும், லிம்ப் வெடிக்கும். வீட்டுக்கு வருகிற விருந்தாளி வில்லைக் கண்டதும் முதலில் செய்ய நினைப்பது இதைத்தான். ஆட்கள் கைபடும் இடத்தில் தொங்கவிடாதீர்கள்.

காபன் அம்பை ஒவ்வொரு தடவையும் எய்ய முன் பார்க்க வேண்டும். இரண்டு நுனியையும் பிடித்து, காதுக்குக் கிட்டக் கொண்டுவந்து மெதுவாக வளையுங்கள். கொஞ்சம் உருட்டி மறுபடி வளையுங்கள். நல்ல அம்பு சத்தமே போடாது. உள்ளே கீறல் இருந்தால் காய்ந்த ஓலை நொறுங்குவது போல ஒரு சின்னக் கிறுக்கல் கேட்கும். விரல் நகத்தை நெடுகிலும் ஓட்டினால் ஓரிடத்தில் தட்டுப்படும். அந்த அம்பை அங்கேயே முறித்து எறியுங்கள். எறியாவிட்டால் என்றோ ஒருநாள் வில்லிலிருந்து கிளம்பும்போது உடைந்து, சிலும்பு உங்கள் இடக்கையின் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஏறும்.

பழைய வில் வாங்குவதில் தப்பில்லை, பார்க்கத் தெரிந்தால். பஞ்சு ஒரு துண்டு எடுத்து லிம்ப்பின் ஓரங்களில் தடவுங்கள். எங்காவது பஞ்சு சிக்கினால் வாங்க வேண்டாம். கேமின் நாண் ஓடும் பள்ளத்தில் வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நாண் பஞ்சாகப் பூத்திருந்தால், புதுநாணுக்கும் அதைப் பூட்டும் கூலிக்கும் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். விற்கிறவர் "இழுநீளம் எல்லாம் ஒண்டுதான்" என்று சொன்னால் வீட்டுக்குத் திரும்புங்கள்.

வன்னியில் எய்து பழக இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் இடம் பார்த்து எய்ய வேண்டும். குறிக்கு உரப்பை நல்லது. பழைய சீலைத் துணி, பொலித்தீன், கிழிந்த சாக்கு எல்லாவற்றையும் இறுக்கி அடைத்துத் தைத்தால் 50 இறாத்தல் அம்பைப் பிடித்து நிறுத்தும், இழுத்தால் வரும். மணல் மூட்டை வேண்டாம், அம்பு முறியும். பனை மரத்தில் குறி வைத்தவர்கள் அம்பின் முனையை மரத்துக்கே தானம் கொடுத்துவிட்டு வருவார்கள். குறிக்குப் பின்னால் குளக்கட்டு இருந்தால் தவறிய அம்பு அங்கே நிற்கும் என்பது சரிதான், ஆனால் கட்டின் மேல் ஆளும் மாடும் சைக்கிளும் போகிற பாதையும் இருக்கும். இரண்டு பக்கமும் ஆள் பார்க்க நிற்காமல் எய்யக் கூடாது. மேலே பார்த்து விட்ட அம்பு பல நூறு யார் போகும். கண்ணிவெடி அகற்றி முடியாத, சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் பற்றைக்குள் போன அம்பு போனதுதான். பத்து டொலர் அம்புக்காக உள்ளே கால் வைக்காதீர்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் வெட்டை வெளியில் 30 யாரில் அம்பு ஒதுங்கும். அதற்கு வில்லையும் திட்ட வேண்டாம், ஊசியையும் திருகித் தொலைக்க வேண்டாம். அதிகாலையில் எய்யுங்கள்.

வயலுக்குள் பன்றி இறங்குகிறது, இந்த வில்லால் இரவில் காவல் காக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோளின் மேல் தடித்த கவசம் போலத் தோல் இருக்கும், சுவாசப்பை மானை விடக் கீழேயும் முன்னாலேயும் இருக்கும். டோர்ச் வெளிச்சத்தில் அந்த ஒரு சாண் இடத்தைக் கண்டுபிடித்து எய்வது, பழகியவருக்கே கடினம். காயப்பட்ட பன்றி பயிருக்குள் படுத்துக்கிடக்கும், விடிய வயலுக்குப் போகிறவர் அதன் மேல் மிதிப்பார். வேலிக்குச் செலவழிப்பது மலிவு.

வாங்கிய பிறகு வில்லுக்கு எதிரி வெயில்தான். கண்ணாடி மூடிய வாகனத்துக்குள், தகரக் கூரைக்குக் கீழே வில்லை விட்டால் லிம்ப்பின் ஒட்டுப் பசை இளகும், நாண் நீளும், நேற்றுக் குறியில் பட்ட அம்பு இன்று நாலு அங்குலம் விலகும். வீட்டுக்குள் நிழலான சுவரில் தொங்கவிடுங்கள். நாணுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை மெழுகு பூசி விரலால் தேய்த்துச் சூடாக்கி இறக்குங்கள். கேம் ஓடும் இடத்தில் நூல் சுற்றியிருக்கும் பகுதியில் பூச வேண்டாம். புழுதி படிந்தால் மெழுகு பூச முன் துடையுங்கள், இல்லாவிட்டால் மணலையும் சேர்த்துத்தான் நாணுக்குள் தேய்ப்பீர்கள். இரண்டு மூன்று வருடத்தில் நாணும், கேம்களோடு பூட்டியிருக்கும் மற்றக் கயிறுகளான கேபிள்களும் மாற்ற வேண்டிவரும், அதற்குப் பிரஸ் கட்டாயம் வேண்டும். அடுத்த தடவை வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினரிடம் கொண்டுவரச் சொல்கிற சாமான் பட்டியலில், கையில் தூக்கி வைத்து வேலை செய்யும் சின்னப் பிரஸ் ஒன்றையும் உங்கள் வில் மாதிரிக்கு உரிய நாண் சோடி ஒன்றையும் எழுதிவிடுங்கள். அந்தப் பிரஸ் உங்கள் வில்லின் லிம்ப்புக்குப் பொருந்துமா என்பதை வாங்க முன் வில் தயாரித்தவரின் கையேட்டில் பார்க்கச் சொல்லுங்கள்.